எஞ்சினை மாற்றும் முன் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்

வடசென்னையில் கரன்ட் போனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாத தொழில்கள் நிறைய. காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் வேண்டும். திருவொற்றியூர் லேத்துப் பட்டறையில் பாதி கடைந்த ஷாஃப்ட் மெஷினில் நிற்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்த பிறகு பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. சொந்தமாக ஒரு ஜெனரேட்டர் இருந்தால் தேவலை என்று அப்போது நினைக்காதவர் குறைவு. புதிது வாங்க வசதி இல்லாதவர்களின் கண், ராணுவம் கழித்துவிட்ட செட்டுகள் மேல் விழுகிறது.

அப்படி ஏலத்தில் போய்க் கைமாறி வரும் செட்டில், எஞ்சின் சுற்ற மின்சாரம் தரும் பாகமான ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் தேறிவிடும், எஞ்சின்தான் தேறாது. காரணம் எளிது. ஆல்டர்னேட்டரில் தேய்கிற பாகம் என்று பார்த்தால் ஒன்றிரண்டு பேரிங்தான். எஞ்சினிலோ பிஸ்டன், ரிங், வால்வு, பம்ப், நாசில் என்று எல்லாமே உராய்கிறவை. ஆண்டுக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் சிலிண்டரின் உள்சுவரான லைனர் துருப்பிடித்துப் பிஸ்டன் இறுகிவிடும். பழைய மாடலுக்குப் பாகமும் கிடைக்காது. சரி, வேறு எஞ்சினைப் போட்டுவிடலாமா? தாராளமாகப் போடலாம். ஆனால் எந்த எஞ்சின் என்பதைத் தீர்மானிப்பது நம் பட்ஜெட்டோ மெக்கானிக்கின் ராசியோ அல்ல, அந்த ஆல்டர்னேட்டர்தான்.

முதலில் அதன் பெயர்ப்பலகையைத் துடைத்துப் படியுங்கள். ஹெர்ட்ஸ் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சுற்றும் வேகம், காந்தத் துருவங்களின் எண்ணிக்கை, ஹெர்ட்ஸ் மூன்றும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. 120-ஐ ஹெர்ட்ஸால் பெருக்கித் துருவ எண்ணிக்கையால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது வரும். 4 துருவம், 50 ஹெர்ட்ஸ் என்றால் 1500 சுற்று. அமெரிக்க ராணுவத்தின் எம்.இ.பி.-803ஏ என்ற 10 கிலோவாட் செட் 1800 சுற்றில் ஓடுவதும் இதே கணக்கில்தான், அங்கே 60 ஹெர்ட்ஸ்.

ராணுவ செட்டில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது 400 ஹெர்ட்ஸ். ரேடார், விமானக் கருவிகளுக்கு அந்த அதிர்வெண் வசதி, ஏனென்றால் டிரான்ஸ்ஃபார்மரும் மோட்டாரும் சின்னதாகவும் லேசாகவும் அமையும். 2000 சுற்றில் 400 ஹெர்ட்ஸ் எடுக்க 24 துருவம் வேண்டும். வெளியே பார்க்க இரண்டு வகையும் ஒன்று போலவே இருக்கும். 400 ஹெர்ட்ஸ் செட்டுக்கு எந்த எஞ்சினைப் போட்டாலும் ஐஸ் பிளான்ட் மோட்டார் ஓடாது. விலை மலிவு என்று பணத்தைக் கொடுக்கும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

வேகம் தெரிந்தால் அடுத்தது வலு. செட்டின் அளவைக் கே.வி.ஏ.வில் சொல்வார்கள், அதில் எவ்வளவு பங்கு உண்மையான வேலைக்கு ஆகிறது என்பதே பவர் ஃபேக்டர். 15 கே.வி.ஏ. செட்டுக்குப் பவர் ஃபேக்டர் 0.8 என்றால் 12 கிலோவாட். ஆல்டர்னேட்டரின் திறன் 87 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் சுமார் 13.8 கிலோவாட் தர வேண்டும். குதிரைத்திறனில் 18.5. "நம்மகிட்ட 60 ஹெச்.பி. கார் எஞ்சின் இருக்கே அண்ணே" என்று கடையில் சொல்வார்கள். அந்த 60 எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்று கேளுங்கள். 4000 சுற்றில் என்றால், அதே முறுக்குவிசையை 1500-லும் தந்தால்கூட 22.5-தான் மிச்சம். அதுவும் மேடு ஏறும்போது சில நிமிடம் தருகிற வலு, இரவெல்லாம் தருகிற வலு அல்ல. எஞ்சின் வலுவை அளக்கும் ஐ.எஸ்.ஓ. தரம் 25 டிகிரி வெப்பத்தைக் கணக்கில் வைக்கிறது. நம் மே மாதம் 40-ஐத் தொடும், தகரக் கூண்டுக்குள் அதற்கும் மேல். ஆகவே கொஞ்சம் கூடுதலாகவே எடுக்க வேண்டும். செம்பியத்தில் சிம்சன், எண்ணூரில் அசோக் லேலண்ட் என்று டீசல் எஞ்சினோடு வளர்ந்த வட்டாரம் இது. 1500 சுற்றுக்கென்றே அமைத்த ஜென்செட் எஞ்சினும் அதில் கை பழகிய மெக்கானிக்கும் இங்கே கிடைக்கும்போது கார் எஞ்சினைத் தேடிப் போவது வீண் என்பதே என் எண்ணம்.

இனி எஞ்சினையும் ஆல்டர்னேட்டரையும் சேர்க்கும் வேலை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். எஞ்சினின் பின்முனையில் சுற்றும் கனமான சக்கரம் ஃப்ளைவீல். அதை மூடும் ஹவுசிங்குக்கு எஸ்.ஏ.இ. என்ற தர அளவு எண்கள் உண்டு. எண் குறையக் குறைய ஹவுசிங் பெரிதாகும். 3-ஆம் எண்ணின் உள்வாய் 409.6 மி.மீ., 4-ஆம் எண்ணுக்கு 362. இரண்டு பக்கமும் ஒரே எண்ணாக இருந்தால் போல்ட் துளைகள் நேராக உட்காரும். இல்லையென்றால் லேத்தில் ஒரு அடாப்டர் வளையம் கடைய வேண்டும், அதில் மையம் பிசகவே கூடாது.

ஏன் அவ்வளவு கறார்? பல செட்டுகளில் ஆல்டர்னேட்டருக்குக் கடைசி முனையில் ஒரே ஒரு பேரிங்தான். ஒரு முனையை மட்டும் ஒருவர் தோளில் தாங்கிய ஏணி மாதிரி, ஆல்டர்னேட்டருக்குள் சுற்றும் ரோட்டரின் மறுமுனையை எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட்தான் தாங்க வேண்டும். நடுவே மெல்லிய எஃகுத் தகடுகள் ஃப்ளைவீலில் போல்ட் போட்டு இறுக்கப்படுகின்றன. நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜின் காந்தக் காலை ஃப்ளைவீலில் ஒட்டி, முள்ளை ஹவுசிங்கின் உள்வாயில் வைத்து, கையால் மெதுவாக ஒரு முழுச்சுற்று சுற்றுங்கள். கேஜில் ஒரு கோடு 0.01 மி.மீ. முள் ஆடும் மொத்த ஆட்டம் கால் மில்லிமீட்டருக்குள் நிற்பது நல்லது. அதிகமானால் கிராங்கின் பின் பேரிங் ஒவ்வொரு சுற்றிலும் வளைவைச் சுமக்கும், கொஞ்ச நாளில் தகடு விரிசல் விடும்.

பலர் விட்டுவிடுகிற ஒரு சோதனை உண்டு. கிராங்க் ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் நெம்பினால் தலைமுடி அளவுக்கு நகரும். அந்த இடைவெளி இருக்கத்தான் வேண்டும், எண்ணெய்ப் படலம் நிற்கும் இடம் அது. ஆல்டர்னேட்டரை மாட்டும் முன் அந்த நகர்வை அளந்து எழுதி வையுங்கள். மாட்டி இறுக்கிய பின் மறுபடி அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் ரோட்டர் கிராங்கை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது என்று பொருள். அப்படியே ஓட்டினால் அந்தத் தள்ளலைத் தாங்கும் த்ரஸ்ட் வாஷர் கரைந்துபோகும், புது எஞ்சின் குப்பைக்குப் போகும்.

சிலிண்டர் எண்ணிக்கையும் முக்கியம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். 1500 சுற்றில் 4 சிலிண்டர் எஞ்சின் விநாடிக்கு 50 முறை உந்தும், ஒற்றைச் சிலிண்டர் 12.5 முறைதான். விநாடிக்கு 9 முறை அளவில் மினுக்கும் வெளிச்சம்தான் நம் கண்ணை அதிகம் உறுத்தும். கனமான ஃப்ளைவீல் இல்லாத ஒற்றைச் சிலிண்டர் செட்டில் பல்பு துடிப்பது அதனால்தான்.

எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் சரியில்லாவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. வண்டி எஞ்சினின் கவர்னர் டிரைவரின் காலை நம்பி இருப்பது. ஜெனரேட்டருக்கு, லோடு கூடினாலும் குறைந்தாலும் வேகத்தைத் தானே பிடித்து நிறுத்துகிற கவர்னர் வேண்டும். மெக்கானிக்கல் கவர்னரை லோடு இல்லாதபோது 1560 சுற்றில், அதாவது 52 ஹெர்ட்ஸில் வைத்தால் முழு லோடில் 50-க்கு இறங்கி நிற்கும். கம்ப்ரஸர் மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரன்ட் இழுக்கும், எஞ்சின் திணறும். அப்போது வோல்டேஜைக் காக்கும் ஏ.வி.ஆர். வேண்டுமென்றே வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கி எஞ்சினுக்கு மூச்சு விட இடம் கொடுக்கும். விளக்கு மங்கிப் பிறகு தெளிந்தால் பயப்பட வேண்டாம்.

வயரிங்கில் ராணுவத்துக்கே உரிய சிக்கல் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக இருக்கும். சின்ன எஞ்சின்களின் செல்ஃப் மோட்டார் பெரும்பாலும் 12 வோல்ட். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுத்தால் அது வடியும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிக் கெடும். செல்ஃப், குளோ பிளக், டீசலை நிறுத்தும் சோலனாய்டு மூன்றையும் 24 வோல்ட்டிலேயே வாங்குவதுதான் சுத்தமான வழி. எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்சைப் புது எஞ்சினுக்கு மாற்ற மறக்காதீர்கள். விசிறியையும் பாருங்கள். வண்டி விசிறி ரேடியேட்டர் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும், ஜென்செட் விசிறி வெளியே தள்ளும்.

ஓட்டும் முன், மின்கசிவு இருக்கிறதா என்று காட்டும் மெகர் மீட்டரை வைத்து ஆல்டர்னேட்டரின் கம்பிச்சுருளான வைண்டிங்கைச் சோதியுங்கள். கடல் காற்றில் கிடந்த காயில் 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால், உள்ளே குண்டு பல்பு எரிய விட்டு ஈரத்தை வற்றவிட வேண்டும். எஞ்சின் ஓடியும் வோல்டேஜே வராவிட்டால் காயில் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். நெடுநாள் கிடந்ததில் இரும்பில் எஞ்சியிருந்த காந்தம் மறைந்திருக்கும். ரோட்டருக்குக் காந்தமேற்றும் எக்ஸைட்டரின் ஃபீல்டு சுருளுக்கு ஒரு பேட்டரியைத் துருவம் மாறாமல் ஒரு நொடி தொட்டால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

வீட்டு லைனோடு சேர்க்கும்போது, ஈ.பி. லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம். அது இல்லாமல் இணைத்தால், புயலுக்குப் பிறகு கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் கைக்கு நம் ஜெனரேட்டரின் மின்சாரம் போய்ச் சேரும்.

அப்புறம் லோடு. டீசல் எஞ்சினை வெறுமனே உருட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. 30 சதவீதத்துக்கும் கீழே நெடுநேரம் ஓடினால் சிலிண்டர் சூடேறாமல், எரியாத டீசல் சைலன்சரில் கறுப்புப் பிசினாக ஒழுகும். ஹீட்டரோ மோட்டாரோ மாட்டிப் பாதி லோடு, முக்கால் லோடு என்று படிப்படியாக ஏற்றி, புகையின் நிறத்தையும் ஹெர்ட்ஸையும் சேர்த்துக் கவனியுங்கள். சூடு ஆறிய பின் கப்ளிங் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் பார்த்துவிட்டு, கிராங்கை இன்னொரு முறை நெம்பி அளந்து, எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.