ஜெபம் மணியான கதை

நூலில் கோக்கும் மணியை ஆங்கிலத்தில் ‘பீட்’ என்கிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தச் சொல்லுக்கு மணி என்ற பொருளே கிடையாது. அப்போது அதற்கு ஜெபம் என்று பொருள். அதன் உறவுச் சொல்லான ‘கெபேட்’டுக்கு ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் ஜெபம் என்றுதான் அர்த்தம்.

ஜெபம் எப்படி மணியாயிற்று? அந்தக் கால இங்கிலாந்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பாட்டி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருக்கிறார், ஒரு மணிக்கு ஒரு ஜெபம். “பாட்டி பீட் எண்ணிக்கொண்டிருக்கிறாள், தொந்தரவு செய்யாதே” என்று அம்மா சொல்கிறாள். அம்மா நினைத்தது ஜெபத்தை. குழந்தையின் கண்ணில் படுவதோ விரலுக்கிடையே நகரும் மணி. அந்தச் சொல்லை மணியோடு சேர்த்துவிடுகிறது. அம்மா சொன்னதும் சரி, குழந்தை புரிந்துகொண்டதும் சரி. இரண்டு பொருளும் அந்த வாக்கியத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அதனால் திருத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. குழந்தை வளர்ந்து, கழுத்து மாலையில் இருக்கும் கண்ணாடி மணியையும் பீட் என்று சொல்லும்போதுதான் மாற்றம் வெளியே தெரிகிறது.

சொல்லின் பொருள் மாறினால் மொழி கெட்டுவிட்டது என்று வருத்தப்படுபவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். இதில் யாரும் பிழை செய்யவில்லை. கேட்பவர் நியாயமாக ஊகிக்கிறார். அந்த ஊகம் ஒருநாள் பொருளாகிவிடுகிறது.

சில சமயம் வெளியிலிருந்து வரும் சொல் பழைய சொல்லை ஓரமாகத் தள்ளும். பழைய ஆங்கிலத்தில் ‘டியர்’ என்றால் எந்த விலங்கும்தான். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சிலிருந்து ‘பீஸ்ட்’ வந்தது, பிறகு லத்தீன் வழியில் ‘அனிமல்’. பொதுப்பொருளை அவை எடுத்துக்கொள்ள, வேட்டைக்காரர்கள் அதிகம் தேடிய மான் மட்டும் டியருக்கு மிஞ்சியது. ஆனாலும் பழம்பொருள் லேசில் போகவில்லை. ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்தில், பைத்தியக்காரப் பிச்சைக்காரனாக வேடமிட்ட எட்கர், சுண்டெலியையும் எலியையும் ‘சின்ன டியர்’ வரிசையில் சேர்க்கிறான். எலியை மான் என்கிறானே என்று இன்றைய மாணவர்கள் திகைப்பார்கள். ‘ஸ்டார்வ்’ என்ற சொல்லும் இப்படித்தான் சுருங்கியது: முன்பு வெறுமனே சாவது, இன்று பட்டினி கிடப்பது.

‘மீட்’ என்றால் இன்று இறைச்சி. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் பைபிளின் முதல் அதிகாரத்திலோ, விதை தரும் செடிகளையும் கனி மரங்களையும் மனிதனுக்கு ‘மீட்’ ஆகத் தந்ததாகக் கடவுள் சொல்கிறார். சுத்த சைவம்! அங்கே மீட் என்பது உணவு. இனிப்புப் பண்டத்தைக் குறிக்கும் ‘ஸ்வீட்மீட்’ என்ற கூட்டுச்சொல்லில் அந்தப் பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூட்டுச்சொற்களுக்குள் பழம்பொருள் இப்படிப் பத்திரமாக இருக்கும். ஒரு சொல் முன்பு எப்படி இருந்தது என்று தேடும்போது அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும்.

நம் ‘கறி’யும் இதே வழியில் போனதுதான். சங்கப் பாடல்களில் கறி என்றால் மிளகு. இன்று தமிழ்நாட்டில் “கறி எடுத்தாச்சா?” என்று கேட்டால் ஆட்டிறைச்சி. ஆங்கிலத்துக்குப் போய்க் குழம்பு வகைகளுக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது. காய்கறிக் கடையில் மட்டும் அது இன்னும் சைவம்.