வாலிபர் முகாம்: பேருந்து திரும்பி வந்த பிறகு

பினாங்கில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் வாலிபர் ஊழியம் பார்க்கத் தொடங்கி 14 வருடங்கள் ஆகின்றன. வருடா வருடம் முகாம் பேச்சை எடுத்ததும் சபைக் குழுவில் யாராவது ஒருவர் கேட்பார்: "மூணு நாள் கூத்துக்கு இவ்வளவு செலவா தம்பி? அந்தக் காசுல சனிக்கிழமைக் கூட்டத்தையே நல்லா நடத்தலாமே?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனால் ஒரு தடவை கணக்குப் போட்டுக் காட்டினேன்.

எங்கள் சனிக்கிழமைக் கூட்டம் ஒன்றரை மணி நேரம். வருடத்துக்கு 50 வாரம் என்று வைத்தாலும் 75 மணிதான். டியூஷன், ஃபுட்சால், சொந்தக்காரர் கல்யாணம், கூட்டிவர வேண்டிய அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் என்று பாதி வாரம் வராத பிள்ளைக்கு அது 37 மணியாகிவிடும். வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குக் கிளம்பி ஞாயிறு மதியம் 2 மணிக்குத் திரும்பும் முகாமோ 44 மணி. தூக்கத்தைக் கழித்தாலும் முகாமில் யாரும் ஒழுங்காகத் தூங்குவதில்லை என்பதால் 30க்குக் குறையாது. அதில் பெரும்பகுதி மேடையும் மைக்கும் இல்லாத நேரம்: தட்டு கழுவும் வரிசை, குளியலறைக்குக் காத்திருப்பு, பேருந்துப் பயணம். பிள்ளைகள் வாயைத் திறப்பது அங்கேதான்.

தெலுக் பஹாங் பக்கம் நடந்த ஒரு முகாமில் படிவம் 4 படிக்கும் 16 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். சபையில் மூன்று வருடமாக முன்வரிசையில் தமிழ் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருபவன். குழுவில் வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதத்தை வாசிக்கச் சொன்னபோது ஏதோ ஜோக் அடித்துவிட்டு அடுத்தவனிடம் தள்ளினான். மறுநாளும் அப்படியே. அன்று இரவு குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது." அவன் தமிழ்ப்பள்ளியில் படித்தவன் இல்லை. மூன்று வருடமாக எந்தப் பக்கம் என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் திருப்பியிருக்கிறான். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவனுக்கு எதிரில் நின்று பாடம் நடத்தியவன் நான். எனக்குத் தெரியவில்லை. தட்டு கழுவும் இடத்தில்தான் தெரிந்தது.

முகாமின் மதிப்பைக் கேட்டால் நான் சொல்வது இதைத்தான். கடைசி இரவை அல்ல.

கடைசி இரவைப் பற்றி ஒளிவில்லாமல் பேச வேண்டியிருக்கிறது. நெருப்பு, கிட்டார், இரண்டு நாள் தூக்கமின்மை, பக்கத்தில் அழும் தோழி. அந்தச் சூழலில் "இயேசுவுக்கு உன்னை அர்ப்பணிக்கிறாயா?" என்று கேட்டால் 15 வயதுப் பிள்ளை கை தூக்குவது பெரிய விஷயம் இல்லை. நானே அந்தக் கைகளை எண்ணி ஆண்டறிக்கையில் போட்டிருக்கிறேன். ஒரு வருடம் 38 பேர் முகாமுக்கு வந்தார்கள், ஏறக்குறைய எல்லோரும் கை தூக்கினார்கள். அடுத்த சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்தவர்கள் 11 பேர். அதன் பிறகு அர்ப்பணிப்புக்கான கேள்வியை ஞாயிறு காலை பசியாறிய பிறகு, வெளிச்சத்தில், பாட்டில்லாமல் கேட்கிறேன். கைகள் குறைந்துவிட்டன. பரவாயில்லை.

பிள்ளைகள் இந்து நண்பர்களையும் அழைத்து வருவார்கள். சந்தோஷம்தான். ஆனால் "கடற்கரை, விளையாட்டு, பார்பிக்யூ" என்று மட்டும் சொல்லிப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவது பொய். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் மதத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ முடிவு செய்வார் என்று மலேசிய அரசியலமைப்பின் 12(4)ஆவது விதி சொல்கிறது. நான் வீட்டுக்கே போய், ஜெபம் இருக்கும், வேதபாடம் இருக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் படிவத்தைக் கொடுப்பேன். சிலர் வேண்டாம் என்பார்கள். பெரும்பாலான அம்மாக்கள் கேட்பது வேறு: "சாப்பாடு எப்படிங்க? புள்ளைக்கு மாட்டிறைச்சி குடுத்துடாதீங்க."

பாதுகாப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். 2022 டிசம்பர் 16 அதிகாலை சிலாங்கூர் பத்தாங் காலியில் முகாம் தளத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். பள்ளி விடுமுறைக்குக் குடும்பமாக வந்தவர்கள் பலர். இடத்தை முன்கூட்டியே போய்ப் பார்க்காமல் நான் இப்போது முன்பணம் கட்டுவதில்லை. பின்னால் சரிவு இருக்கிறதா, உரிமம் இருக்கிறதா, ராத்திரி ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியுமா என்று பார்ப்பேன். நீர்வீழ்ச்சி என்றால் இன்னும் யோசிப்பேன். நமக்கு மேலே வெயில் அடிக்கும்போதே மலையில் மழை பெய்து 'கெப்பாலா ஆயர்', அதாவது திடீர் வெள்ளம், வந்துவிடும். அப்புறம், எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. போதகரானாலும் சரி, நானானாலும் சரி. தவறு நடந்தால் "சபைக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்பதற்கு இடமில்லை. சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், 2017இன்படி, தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பதே குற்றம். 5,000 ரிங்கிட் வரை அபராதம்.

சிறப்பு நிகழ்ச்சிகளில் ஃபுட்சால் போட்டியை நிறுத்திவிட்டேன். கூட்டம் வரும், கோப்பையை வாங்கிக்கொண்டு போகும். ஸ்கோர் எழுதுவதிலும் தண்ணீர் போத்தல் தூக்குவதிலும் எங்கள் பிள்ளைகள் யாரோடும் நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். டிசம்பர் கேரல் சுற்றை மட்டும் விடமாட்டேன். ஒரே வேனில் பாட்டிகளும் பிள்ளைகளுமாக, பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாஸ் வரை வீடு வீடாகப் போய் நள்ளிரவில் திரும்புவது, அதுவும் ஒரு முகாம்தான்.

குழுத் தலைவர்களை வெளியிலிருந்து அழைப்பதையும் விட்டுவிட்டேன். முகாமில் பிள்ளை மனம் திறந்து பேசிய அண்ணன் மறுநாள் ஈப்போவுக்குப் போய்விட்டால் அந்தப் பிள்ளை யாரிடம் போகும்? இப்போது எங்கள் சபையில் இருப்பவர்களே தலைவர்கள். ஒருவர் பேருந்து ஓட்டுநர், ஒருவர் தாதி. செவ்வாய்க்கிழமைக்குள் தங்கள் குழுவில் இருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் போன் செய்ய வேண்டும். இரண்டு வாரத்துக்குள் மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், ஒன்றாக உட்கார வேண்டும். தமிழ் படிக்கத் தெரியாத அந்தப் பையன் 'அ' எழுதிப் பழகியதே அப்படி ஒரு மாமாக் கடையில்தான், ரசீதின் பின்பக்கத்தில்.

ரொட்டி சானாய்க்கும் தே தாரிக்குக்கும் ஆகும் அந்தச் செலவை முகாம் கணக்கிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். "முகாம்தான் முடிஞ்சு போச்சே தம்பி" என்றார் பொருளாளர் முதல் வருடம். இப்போது அவரும் ஒரு குழுவுக்குத் தலைவர். ரசீதுகளை அவரே கொண்டு வருகிறார்.