மைஆர்கானிக் சான்றிதழ்: மனு போடுமுன் பார்க்க வேண்டியவை

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட் தோட்டத்தை விட்டு வெளியே வந்து, சொந்தமாகக் கீரை, வெண்டை, கறிவேப்பிலை போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். "மருந்தே அடிக்காத கீரைம்மா" என்று சொல்லித்தான் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிறார்கள். ஆனால் வாய்ச்சொல்லை நம்பிப் பொட்டலத்தில் 'ஆர்கானிக்' என்று எழுதிவிட முடியாது. மலேசியாவின் 1985 உணவு விதிமுறைகள்படி, எம்.எஸ். 1529 என்ற தரத்துக்கு உட்பட்டு விளைந்த பொருளுக்குத்தான் அந்தப் பெயர். அதைச் சோதித்துச் சான்றிதழ் தருவது விவசாயத் துறையின் மைஆர்கானிக் திட்டம். 2003-இல் எஸ்.ஓ.எம். (மலேசிய ஆர்கானிக் திட்டம்) என்று தொடங்கியதுதான் பிறகு இந்தப் பெயருக்கு மாறியது.

சான்றிதழுக்கு விவசாயத் துறை கட்டணம் வாங்குவதில்லை. நம் ஆட்கள் தடுக்கி விழுகிற இடங்கள் வேறு.

முதலாவது, நிலம். அது உங்கள் பெயரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாடகை ஒப்பந்தமோ உரிமையாளரின் அனுமதியோ எழுத்தில் இருக்க வேண்டும். "அந்தக் காலத்துக் கிராணி (தோட்டத்துக் கணக்குப்பிள்ளை) போட்டுக்கொள்ளச் சொன்னார்" என்பது செல்லாது. டி.ஓ.எல்., அதாவது அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தத் தரும் லைசென்ஸ் உள்ள நிலமாக இருந்தால் அந்த லைசென்ஸ் பொதுவாக வருடக் கடைசியோடு முடிந்துவிடும். அதைப் புதுப்பித்து வைத்துக்கொண்டு, முதலில் அதிகாரியிடம் பேசுங்கள்.

இரண்டாவது, பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை). நீங்கள் ஒரு சொட்டு அடிக்காவிட்டாலும் வேலிக்கு அந்தப் பக்கம் அடிக்கிற களைக்கொல்லி காற்றிலும் மழைத் தண்ணீரிலும் வரும். என் அம்மா முதுகில் பம்ப் மாட்டிக்கொண்டு மருந்து அடித்தவர். சாயங்காலம் சோறு பிசையும்போது விரல் நகம் மஞ்சளாக, ஓரம் பிய்ந்து இருக்கும். கையுறை கேட்டவர்களுக்குத் தோட்டத்தில் கிடைத்தது திட்டுதான். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்த நாட்டில் தடை. மற்ற மருந்துகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அதனால்தான் எல்லையில் இடைவெளி விட்டு, வாழையோ உயரமான புல்லோ அடர்த்தியாக நட்டுத் தடுப்பு வைக்கச் சொல்கிறார்கள். மேட்டில் செம்பனை, பள்ளத்தில் உங்கள் பாத்தி என்றால் தண்ணீர் வரும் வழியையும் திருப்பிவிட வேண்டும். அதிகாரிகள் வந்து பார்த்து, மண், தண்ணீர், விளைச்சல் எல்லாவற்றிலும் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். மருந்து எச்சம் அதில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, நோட்டு. பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். "இரண்டாம் பாத்தி, காங்கோங் கீரை விதை, மக்கிய எரு மூன்று வாளி" என்று தேதியோடு எழுதி வாருங்கள். விதை வாங்கிய ரசீதையும் அதிலேயே ஒட்டுங்கள். பச்சைக் கோழி எருவை அப்படியே கொட்டாமல் மக்க வைத்துத்தான் போட வேண்டும். எப்போது குவித்தீர்கள், எப்போது கிளறினீர்கள் என்பதையும் எழுத வேண்டும். ரசாயன உரமும் மரபணு மாற்றிய விதையும் அறவே கூடாது. முன்பு ரசாயனம் போட்ட நிலம் என்றால் ஆர்கானிக்குக்கு மாறுவதற்கான மாற்றுக் காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் விளைச்சல் குறையலாம், ஆர்கானிக் விலையும் கிடைக்காது. கஷ்டமான கட்டம் இதுதான். கீரையை மட்டும் நம்பாமல் வேறு வருமானத்தோடு இறங்குங்கள்.

பணத்துக்கு விவசாய வங்கியான அக்ரோபேங்கின் கடன் இருக்கிறது. இந்தியர்களுக்கென்றே, சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான டெக்குனில் ஸ்பூமி என்ற கடன் திட்டம் இருக்கிறது. இரண்டுமே திருப்பிக் கட்ட வேண்டிய கடன், மானியம் என்று நினைத்து வாங்காதீர்கள். விற்பனைக்கு, விவசாயச் சந்தை வாரியமான ஃபாமா நடத்தும் பாசார் தானியில் (உழவர் சந்தையில்) கடை கேட்டுப் பார்க்கலாம்.

மனுவைக் கோலாகங்சார் மாவட்ட விவசாய அலுவலகத்தில் கேளுங்கள். மனுப் படிவம் மலாயில் இருக்கும், படித்த பிள்ளை யாரையாவது கூட்டிப் போங்கள். நிலத்துக் கிராண்ட் (பட்டா) நகலையும் அந்த நோட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.