பழைய விசைப்படகில் புதுக் கருவி: திரையை வாங்கும் முன் ஒயரைப் பாருங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். சென்னை காசிமேட்டில் கரையேறும் படகுகளில் இன்ஜின், பலகை, பெயின்ட் வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் ஜிபிஎஸ், வயர்லெஸ் போன்ற எலக்ட்ரானிக்ஸ் பக்கம் கை போகிறது. அதற்குள் பணமும் பொறுமையும் தீர்ந்திருக்கும். பெரிய திரையாக ஒன்றை வாங்கி, பழைய ஒயரிலேயே முறுக்கி டேப் சுற்றிவிடுகிறார்கள். கடலில் அது அணைந்து அணைந்து எரியும்போது பழி கம்பெனி மேல் விழுகிறது.

பழைய ஜிபிஎஸ்ஸைக் கழற்றும் முன் அதில் பதிந்து வைத்த இடங்களை, அதாவது பாயின்ட்டுகளை, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வலை மாட்டும் கல்லும் மூழ்கிய கப்பலும் எங்கே என்று பல வருஷம் கண்டு வைத்தது அதற்குள்தான் இருக்கிறது. எண்ணைப் பதியும் முறையில் கவனம் வேண்டும். 13 டிகிரி 07.500 நிமிடமும், 13 டிகிரி 07 நிமிடம் 30 விநாடியும் ஒரே இடம். அந்த .500-ஐ 50 விநாடி என்று பதிந்தால் 600 மீட்டருக்கு மேல் வடக்கே தள்ளிப்போகும். புதுக் கருவியிலும் டேட்டம், அதாவது இட எண்களைக் கணக்கிடும் அடிப்படை, டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்கிறதா பாருங்கள்.

அடுத்தது கரண்ட். முக்கால்வாசிக் கோளாறு இங்கேதான். இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராகக் கட்டிய 24 வோல்ட் படகுகளில், நடுவிலிருந்து ஒரு ஒயரை இழுத்து 12 வோல்ட் எடுப்பது பழைய வழக்கம். அப்படிச் செய்தால் ஒரு பேட்டரி மட்டும் எப்போதும் காலியாகும். இன்ஜினில் ஓடும் சார்ஜரான ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்தே சார்ஜ் செய்வதால், நிறைந்த பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும், காலியானது நிறையாது. கடைசியில் இரண்டும் போகும். 24-லிருந்து 12-க்கு மாற்றும் கன்வர்ட்டர் போடுங்கள். வயர்லெஸ் பேசும்போது 6 ஆம்பியர் வரை இழுக்கும். பிளாட்டர் (கடல் வரைபடத்தில் படகைக் காட்டும் திரை), எக்கோ (ஆழமும் மீனும் காட்டுவது), ஏஐஎஸ் (சுற்றியுள்ள கப்பல்கள் எங்கே என்று காட்டுவது) எல்லாம் சேர்த்தாலும் 20 ஆம்பியர் கன்வர்ட்டர் தாராளம்.

ஒயர் வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்க வேண்டும். வீட்டு ஒயர் உப்புக்காற்றில் உள்ளுக்குள்ளேயே கறுத்துவிடும். பேட்டரியிலிருந்து கேபின் 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 6 ஆம்பியர் போனால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலையும். 2.5-இல் அது அரை வோல்ட்டுக்குள் நிற்கும். ஒவ்வொரு கருவிக்கும் தனி ஃபியூஸ், பேட்டரிக்கு ஒட்டியே ஒரு மெயின் ஃபியூஸ்.

இனி இணைப்பு. ஒரே ஒரு இணைப்புக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ஜிபிஎஸ்ஸிலிருந்து வயர்லெஸ்ஸுக்குக் கொடுங்கள். டிஎஸ்சி (ஒரு பொத்தானில் அழைப்பு அனுப்பும் டிஜிட்டல் வசதி) உள்ள வயர்லெஸ் செட்டில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஆபத்துச் செய்தி 70-ஆம் சேனலில் தானாகப் போகும். செட்டுக்குள்ளேயே ஜிபிஎஸ் இல்லாமல் இந்த ஒயரும் தொங்கிக்கொண்டிருந்தால், படகு எங்கே என்பது அந்தச் செய்தியில் இருக்காது. படகின் அடையாளமான 9 இலக்க எம்எம்எஸ்ஐ எண்ணும் பதிந்திருக்க வேண்டும். இந்தியப் படகுக்கு அது 419 என்று தொடங்கும். பல செட்களில் அதை ஒருமுறை பதிந்தால் மாற்ற முடியாது. கடையில் சொன்ன எண்ணைப் போடாதீர்கள், உங்கள் உரிமத்தில் உள்ளதைப் போடுங்கள்.

கருவிகள் ஒன்றோடொன்று பேச ஒரு பொது மொழி உண்டு; பழைய கருவிகள் பேசுவது என்எம்இஏ 0183. ஜிபிஎஸ்ஸின் அனுப்பும் ஒயர் இரண்டும் வயர்லெஸ்ஸின் வாங்கும் ஒயர் இரண்டுக்கும் போக வேண்டும், பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ். நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரு பக்கமும் தகவல் போகும் வேகம் (பாட்) 4800. ஏஐஎஸ் மட்டும் 38400. இதை மாற்றாமல் விட்டு, செட் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. ஒரு ஜிபிஎஸ் சொல்வதை இரண்டு மூன்று கருவி கேட்கலாம். இரண்டு கருவி சொல்வதை ஒரே முனையில் முறுக்கிவிட்டால் எதுவும் கேட்காது, அதற்கு இரண்டையும் வரிசைப்படுத்திச் சேர்க்கும் மல்டிபிளெக்ஸர் வேண்டும்.

புதுக் கருவிகளுக்கு என்எம்இஏ 2000. நடுவில் ஒரே முதுகுக் கேபிள், அதன் இரு முனையிலும் 120 ஓம் டெர்மினேட்டர் (முனையை மூடும் ரெசிஸ்டர்), கருவிக்குப் பிரியும் கிளை 6 மீட்டருக்குள். இது 9 முதல் 16 வோல்ட்டுக்கானது. 24-ஐ நேரே கொடுத்தால் மாட்டிய அத்தனையும் புகையும். கரண்டை அணைத்துவிட்டு வெள்ளை, நீல ஒயருக்கு நடுவே மீட்டர் வைத்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 என்றால் ஒரு டெர்மினேட்டர் இல்லை, 40 என்றால் ஒன்று அதிகம். கம்ப்யூட்டர் இல்லாத பழைய இன்ஜினின் ஆயில் பிரஷரையும் இந்தத் திரைக்குக் கொண்டுவர கன்வர்ட்டர்கள் உண்டு. முள் மீட்டர் ஒழுங்காக வேலை செய்தால் அந்தச் செலவு வீண்.

எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் பெரிய கப்பல்கள் நடுவே போகிறவர்களுக்கு ஏஐஎஸ் கட்டாயம் என்றே சொல்வோம். அதற்குத் தனி ஆன்டெனா போடுங்கள், சாதாரண டி-கனெக்டரில் வயர்லெஸ்ஸோடு சேர்க்காதீர்கள். 15 மீட்டர் ஆர்ஜி-58 என்ற மெல்லிய ஆன்டெனா கேபிளில் பாதி சக்தி வழியிலேயே போய்விடும்; ஆர்ஜி-213 தடிமன், ஆனால் தகும். எக்கோவின் டிரான்ஸ்டியூசர் (தண்ணீருக்குள் ஒலி அனுப்பி வாங்கும் முனை) கேபிளை நீளம் போதவில்லை என்று வெட்டி ஒட்டாதீர்கள், ஆல்டர்னேட்டர் ஒயரோடு கட்டவும் வேண்டாம். திரை முழுக்கப் புள்ளி விழும்.

மலிவு எல்இடி பல்புகளும் லாரி கன்வர்ட்டர்களும் வயர்லெஸ்ஸில் இரைச்சல் கிளப்பும். அதனால் தூரத்து அழைப்பு காதில் விழாமல் போகலாம் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-இல் எச்சரித்தது. சோதிப்பது சுலபம். வயர்லெஸ்ஸின் இரைச்சலை அடக்கும் திருகான ஸ்குவெல்ச்சை, இரைச்சல் நின்றும் நிற்காத இடத்தில் வைத்து, பல்பையும் கன்வர்ட்டரையும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போடும்போது இரைகிறதோ அதுதான் ஆள்.

புறப்படும் முன் ஜெட்டியிலேயே இன்ஜினை ஓட்டி, எல்லாக் கருவியையும் போட்டு, மைக்கை அழுத்தும் நேரத்தில் செட்டின் பின்னால் வோல்ட் பாருங்கள். 12-க்குக் கீழே இறங்கினால் ஒயரையோ முனையையோ மாற்ற வேண்டும். டிஎஸ்சி சரியா என்று பார்க்கச் சிவப்புப் பொத்தானைத் தொட வேண்டாம், திரையில் இருக்கும் இடமும் நேரமும் வந்தால் போதும். தவறி அழுத்திவிட்டால் பயந்து செட்டை அணைத்துப் போட்டுவிடாதீர்கள். கருவியில் ரத்து செய்துவிட்டு, 16-ஆம் சேனலில் படகின் பெயரும் எம்எம்எஸ்ஐ எண்ணும் சொல்லி, தவறான அழைப்பு என்று அறிவியுங்கள். பதில் வராவிட்டால் கடலோரக் காவல்படையின் 1554-க்குப் போன் போடுங்கள்.