டிவிடி டிரைவைக் கழற்றுவதற்கு முன்னால்

போன வாரம் ஓர் ஆசிரியை லேப்டாப்போடு வந்தார். கூடவே ஒரு பிளாஸ்டிக் கவரில் கழற்றிய டிவிடி டிரைவ். விண்டோஸ் 11-க்கு மாறிய அன்றே லேப்டாப் திரையில் டிரைவ் தெரியாமல் போய்விட்டதாம். வேறொரு கடையில் காட்டியிருக்கிறார். "டிரைவ் போயிடுச்சு மேடம்" என்று சொல்லிப் புதிதாக ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். அதுவும் தெரியவில்லை. உடனே "அப்போ மதர்போர்டுதான் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டார்கள். கவரில் இருந்த பழைய டிரைவையே திரும்ப மாட்டி, அரை மணி நேரத்தில் ஓடவிட்டுக் கொடுத்தேன். அந்த டிரைவுக்கு எதுவுமே ஆகவில்லை.

இந்த மாதம் மட்டும் இது நான்காவது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததிலிருந்து அப்கிரேடு பண்ணுகிறவர்கள் அதிகம். நல்ல விஷயம்தான். ஆனால் நேற்று வரை ஓடிய டிரைவ் அப்கிரேடு ஆன இரவில் தெரியாமல் போனால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அப்கிரேடைத்தான்; டிரைவை அல்ல.

அதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்2 அல்லது எஃப்12 தட்டிப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பட்டன் மாறும். விண்டோஸ் கிளம்புவதற்கு முன்பே வரும் பயாஸ் திரையிலோ, எதிலிருந்து கிளம்புவது என்று கேட்கும் பூட் பட்டியலிலோ டிவிடி டிரைவின் பெயர் இருக்கிறதா? இருந்தால் டிரைவும் கேபிளும் போர்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. பூட் ஆகக்கூடிய டிவிடி கையில் இருந்தால் இன்னும் நல்லது. அதிலிருந்து லேப்டாப் கிளம்பிவிட்டால் டிரைவ் படிக்கிறது, சந்தேகமே வேண்டாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பவரிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, எனக்கு மிகவும் எரிச்சல் தரும் விஷயம். "புது விண்டோஸுக்கு டிவிடி டிரைவர் இல்லை சார், டவுன்லோடு பண்ணணும்." டிரைவ் வேறு, டிரைவர் வேறு. டிரைவ் என்பது தட்டு வைக்கும் பெட்டி. டிரைவர் என்பது அதை இயக்கும் மென்பொருள். சிடி, டிவிடி டிரைவுக்கான டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. லேப்டாப் கம்பெனி அதைத் தனியாகத் தருவதில்லை. தேடினாலும் கிடைக்காது. கிடைப்பதெல்லாம் "உங்கள் டிரைவர் பழையது" என்று பயமுறுத்திக் காசு கேட்கும் அப்டேட்டர் மென்பொருள்கள்தான். கம்ப்யூட்டரில் உள்ள பாகங்களை விண்டோஸ் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் டிரைவரின் தேதி 2006 ஜூன் 21 என்று இருக்கும். அதைக் காட்டித்தான் ஏமாற்றுகிறார்கள். விண்டோஸோடு வரும் டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே போடும் தேதி அது. கம்பெனிக்காரர்கள் தரும் டிரைவரை விண்டோஸின் சொந்த டிரைவர் தள்ளிவிடக் கூடாது என்பதற்காகப் பழைய தேதியாக வைக்கிறார்கள். நேற்று வந்த டிரைவரிலும் அதே தேதிதான் இருக்கும். தயவுசெய்து அந்த அப்டேட்டர்களை இறக்காதீர்கள். ஆசிரியையின் லேப்டாப்பிலும் இரண்டு இருந்தன. டிரைவைச் சரிசெய்ததை விட அவற்றை நீக்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

சரி, உண்மையில் என்ன நடக்கிறது? எப்போதோ போட்ட, சிடி எரிக்கும் (அதாவது சிடியில் பதிவு செய்யும்) மென்பொருள், விண்டோஸுக்கும் டிரைவுக்கும் நடுவில் ஃபில்டர் என்ற சின்ன மென்பொருள் ஒன்றைச் செருகியிருக்கும். அப்கிரேடுக்குப் பிறகு அந்த ஃபில்டர் ஓடாது, ஆனால் விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அதன் பெயர் மட்டும் நிற்கும். விண்டோஸ் அதைத் தேடித் தோற்று, டிரைவையே எழுப்பாமல் விட்டுவிடும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும், பிழை எண் (Code) 19, 31, 32, 39, 41 இவற்றில் ஒன்றும் தெரிந்தால் பெரும்பாலும் இதுதான் கதை.

முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து திரும்பப் போடுவது போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் ஷட்டவுன் முழுதாக அணைப்பதில்லை. அடுத்து டிவைஸ் மேனேஜரில் டிரைவை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடியும் ரீஸ்டார்ட். விண்டோஸே கண்டுபிடித்து மாட்டிக்கொள்ளும். அதற்கும் மசியாவிட்டால்தான் ரெஜிஸ்ட்ரி. அதில் சிடிராம் வகைக்கான கீயில் (ரெஜிஸ்ட்ரியின் ஒரு ஃபோல்டர் மாதிரி) அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்று இருப்பவற்றை நீக்க வேண்டும். கீயை எக்ஸ்போர்ட் செய்து, அதாவது ஒரு நகல் எடுத்து, வைக்காமல் கை வைக்காதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சிடிராம் கீ 4டி36இ965 என்று தொடங்கும். அதற்குக் கொஞ்சம் கீழேயே 4டி36இ967 இருக்கிறது. அது ஹார்டு டிஸ்க்குக்கு உரியது. அதிலும் அப்பர்ஃபில்டர்ஸ் என்ற பெயர் இருக்கும், அது இருந்தே ஆக வேண்டும். வீடியோ பார்த்துக்கொண்டே 967-இல் அழித்துவிட்டு, விண்டோஸே கிளம்பாத லேப்டாப்பைக் கொண்டுவந்த கல்லூரி மாணவர் ஒருவர் என் மேஜைக்கு முன்னால் அழுதேவிட்டார். கடைசி எண்ணை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். தைரியம் இல்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டிரைவ் தெரிகிறது, சினிமா டிவிடி மட்டும் ஓடவில்லையா? அது கோளாறே இல்லை. விண்டோஸ் 8-இலிருந்தே மீடியா பிளேயரில் டிவிடி படம் ஓடாது. விஎல்சி என்ற பிளேயரைப் போடுங்கள், ஓடும்.

உண்மையிலேயே டிரைவ் போவதும் உண்டு. பயாஸிலேயே பெயர் இல்லை. அல்லது சிடி ஓடுகிறது, நல்ல டிவிடி எதுவும் ஓடவில்லை. சிடிக்கும் டிவிடிக்கும் தனித்தனி லேசர், ஒன்று மட்டும் தளர்வதுண்டு. அப்போது மாற்றுங்கள். வாங்கும்போது தடிமன் 12.7 மில்லிமீட்டரா, 9.5-ஆ என்று அளந்து வாங்குங்கள்.

டிவிடி தெரியவில்லை என்று ஃபார்மட் மட்டும் போட விடாதீர்கள். அப்படிப் போட்டுக் குழந்தையின் முதல் மூன்று வருடப் படங்களை இழந்த குடும்பம் ஒன்று போன மாதம் வந்தது. என்னால் பாதிதான் மீட்க முடிந்தது.

ஆசிரியையின் டிரைவ் சரியானதும் அவர் பையிலிருந்து எடுத்தது அவரது அப்பாவின் அறுபதாம் கல்யாண டிவிடி. அப்பா இப்போது இல்லை. வீட்டில் எரித்த டிவிடியின் சாயம் வெயிலிலும் சூட்டிலும் மெல்ல மெல்லக் கெட்டுப்போகும். டிரைவ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்படிப்பட்ட டிவிடிகளை ஹார்டு டிஸ்க்கில் ஒன்றும் வெளியே ஒன்றுமாக நகல் எடுத்துவிடுங்கள். அவருடையதை அன்றைக்கே, அவர் காத்திருக்கும்போதே எடுத்துக் கொடுத்தேன். கடைசிப் பத்து நிமிடம் மட்டும் படிக்கவில்லை.