தமனி: சொல்லும் பொருளும்

இதயத்திலிருந்து குருதியை வெளியே எடுத்துச் செல்லும் குழாய் தமனி. உடலெங்கும் சென்ற குருதியை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது சிரை. ‘நல்ல இரத்தம் ஓடுவது தமனி, கெட்ட இரத்தம் ஓடுவது சிரை’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது பலருக்கும் நினைவிருக்கும். பெரும்பாலான குழாய்களுக்கு அது பொருந்தினாலும் நுரையீரல் தமனிக்குப் பொருந்தாது. அதில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த குருதியே. தொப்புள்கொடியில் உள்ள இரண்டு தமனிகளும் அப்படிப்பட்டவையே. ஆகவே குருதி செல்லும் திசையை வைத்தே பெயர் அமைகிறது. ‘கெட்ட இரத்தம்’ என்ற வழக்கையும் விட்டுவிட வேண்டும். திசுக்களுக்கு ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் குருதியில் கேடு ஏதுமில்லை.

‘தமனி’ வடமொழியிலிருந்து வந்தது. ஊதுதல் என்னும் பொருளுடைய வேரில் பிறந்து, ஊதுகுழலையும் குறித்த அச்சொல் உடலின் குழாய்க்கும் பெயராயிற்று. ஆங்கிலத்தின் ‘ஆர்ட்டரி’க்கு மூலமான ‘ஆர்ட்டீரியா’ என்ற கிரேக்கச் சொல்லும் மூச்சுக்குழலைக் குறித்து வழங்கியதே. குருதிக்குழாயில் காற்று இருப்பதாகக் கிரேக்கர் எண்ணியதற்குக் காரணம் உண்டு: இறந்தபின் தமனிகளின் தடித்த, மீள்தன்மையுள்ள சுவர் சுருங்கிக் குருதியைச் சிரைகளின் பக்கம் தள்ளிவிடுவதால், பிணத்தை அறுத்துப் பார்த்தவர்களின் கண்ணுக்கு அவை வெறுங்குழாய்களாகவே தெரிந்தன. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் எராசிஸ்ட்ராட்டஸ் அவற்றில் உயிர்க்காற்றே ஓடுவதாகச் சொன்னார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இன்னொரு கிரேக்க மருத்துவரான கேலன், உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடங்களில் இறுகக் கட்டி, நடுவில் கீறி, உள்ளே குருதி மட்டுமே இருப்பதைக் காட்டினார். குருதி உடலைச் சுற்றி வருகிறது என்பதை ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி நூலாக வெளியிட்டது 1628இல். தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகள் என்னும் நுண்குழாய்களை 1661இல் இத்தாலிய மருத்துவர் மால்பிகி தவளையின் நுரையீரலில் கண்டார்.

தமிழில் இக்குழாய்களுக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் சொல் நரம்பு. ‘நரம்பு எழுந்து உலறிய’ என்று முதியவளின் தோளைப் புறநானூறு (278) சொல்லும்போது, தோலுக்கு மேல் புடைத்துத் தெரிபவை இக்குழாய்களே. இன்றும் டிரிப்ஸ் ஏற்ற வரும் செவிலியர், முழங்கைக்கு மேலே பட்டையைக் கட்டி, புறங்கையைத் தட்டிப் பார்த்து, ‘நரம்பே கிடைக்கலையே’ என்கிறார். அவர் தேடுவது சிரை. ஆனால் அறிவியல் தமிழில் நரம்பு என்பது மூளையின் செய்திகளைக் கடத்தும் இழைக்கு உரியதாகிவிட்டதால், அதைக் குருதிக்குழாய்க்கு மீட்க இனி வழியில்லை.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தமனி, சிரை என்று இருப்பவை இலங்கைப் பாடநூல்களில் நாடி, நாளம் என்று வரும். இங்கே ‘இரத்த நாளம்’ எந்தக் குருதிக்குழாயையும் குறிக்கும் பொதுச்சொல்லாதலால், இலங்கை நூலில் ‘நுரையீரல் நாளம்’ என்று படிக்கும் தமிழ்நாட்டு மாணவர் அது சிரை என்பதை உணராமல் போகலாம். நாடி, நாளம் இரண்டும் வடமொழித் தொடர்புடையவையே. தனித்தமிழில் எழுத விரும்புவோருக்குப் பொதுச்சொல்லாகக் குருதிக்குழாய் போதும்.

தமனிக்கு நிகராக நான் விரும்புவது இலங்கை வழக்கான நாடியையே. நாடி பார்ப்பதுபோல், பெருவிரலுக்கு நேர்கீழே மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தால், இதயம் சுருங்கும் ஒவ்வொரு முறையும் தமனியின் சுவர் விரிந்து விரலை முட்டுவது தெரியும். அருகிலேயே நீலமாக ஓடும் சிரையில் அந்தத் துடிப்பு இராது.