‘அலட்சியம்’ வேறு, ‘கவனக்குறைவு’ வேறு: மருத்துவ வழக்கில் ஒரு சொல்லின் பொருள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் வசிக்கும் ஓர் அக்கா, தம் தாயாருக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் நேர்ந்ததைப் புகார் மனுவாக எழுதி என்னிடம் காட்ட வந்தார். பென்சிலின் ஒவ்வாது என்று சேர்க்கும்போதே சொல்லி, அது கேஸ் ஷீட்டிலும் எழுதப்பட்டிருந்தும், மறுநாள் காலை அதே வகை ஊசி போடப்பட்டு, அந்த அம்மாள் மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து மீண்டிருக்கிறார். இரண்டு பக்க மனுவில் ‘அலட்சியம்’ என்ற சொல் ஏழு இடங்களில் இருந்தது. ஊசியின் பெயரோ, போட்ட நேரமோ, ஒவ்வாமை எழுதப்பட்ட பக்கமோ ஓரிடத்திலும் இல்லை. “அவங்க எங்கள மனுசங்களாவே மதிக்கல, தம்பி” என்றார். அவருடைய வேதனைக்கு அந்தச் சொல் பொருத்தமானதே. வழக்குக்கு அது போதாது. அவரிடம் சொன்னதையே இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

‘லக்ஷ்யம்’ என்னும் வடசொல்லுக்குக் குறி, நோக்கத் தக்கது என்று பொருள். ‘அவன் என்னை லட்சியமே செய்யவில்லை’ என்று நாம் பேசும்போது, மதிக்கவில்லை, பொருட்படுத்தவில்லை என்றே கொள்கிறோம். அதன் எதிர்மறையான ‘அலட்சியம்’ ஒருவருடைய மனநிலையைச் சுட்டுகிறது, செயலை அன்று. ‘சட்டை செய்யாமை’ என்பதிலிருந்து வரும் ‘அசட்டை’யும் அப்படியே. காவல் நிலைய அறிக்கைகளில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்று நாம் படிக்கும் ‘அஜாக்கிரதை’க்கு விழிப்பின்மை என்பது பொருள். அது சட்டக் கருத்துக்குச் சற்று நெருங்கி வந்தாலும், வாகன விபத்தோடு ஒட்டிப்போய்விட்டதால் மருத்துவத்துக்குப் பொருந்தி ஒலிப்பதில்லை.

ஆங்கிலச் சட்டம் பயன்படுத்தும் சொல் ‘நெக்லிஜென்ஸ்’. அதன் இலத்தீன் வேரில் ‘நெக்’ என்பது ‘இல்லை’ என்றும், ‘லெகெரே’ என்பது ‘பொறுக்கி எடுத்தல்’ என்றும் பொருள்படும். எடுக்க வேண்டியதை எடுக்காமல் விட்டுவிடுதல் என்பதே அதன் முதற்பொருள். சட்டம் இந்தப் பொருளை விட்டு வெகுதூரம் போகவில்லை. நோயாளிபால் மருத்துவருக்கு ஒரு கடமை இருந்ததா, அந்தக் கடமையில் அவர் தவறினாரா, அந்தத் தவறினால்தான் தீங்கு நேர்ந்ததா என்ற மூன்றையே அது கேட்கிறது. அவர் நோயாளியை மதித்தாரா, பரிவோடு பேசினாரா என்பது இவற்றுள் எதிலும் இல்லை. கடுகடுவென்று பேசிச் சரியாக வைத்தியம் செய்தவர் மேல் இவ்வழக்கு நிற்காது. கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிக்கொண்டே தவறான ஊசியைப் போட்டவர் மேல் நிற்கும். ‘அலட்சியம்’ என்று எழுதினால், எதிர்த் தரப்பு தாங்கள் எவ்வளவு அன்பாக நடந்துகொண்டோம் என்று பதில் எழுதும். அது உண்மையாகவும் இருக்கலாம் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

கடமையில் தவறினாரா என்பதை அளக்க, 1957ஆம் ஆண்டின் ‘போலம்’ என்ற இங்கிலாந்து வழக்கின் அளவுகோலையே நம் நீதிமன்றங்களும் பெரிதும் பின்பற்றுகின்றன. அத்துறையில் தேர்ந்த, பொறுப்புள்ள மருத்துவர்கள் முறையானதென்று ஏற்கும் வழியில் ஒருவர் நடந்திருந்தால், முடிவு கெட்டதாகவே அமைந்தாலும் அது கவனக்குறைவு ஆகாது. உயிர் போனதாலேயே தவறு நடந்தது என்று ஆகிவிடாது. இதை ஏற்பது இழந்தவர்களுக்கு மிகக் கடினம் என்பதை அறிந்தே சொல்கிறேன்.

குற்றவியல் வழக்கில் அந்த அளவுகோல் இன்னும் உயர்ந்தது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005இல், மருத்துவரைக் குற்றவாளியாக்கச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, அது மிகப் பெரிய அளவில் இருக்க வேண்டும் என்றும், வழக்குத் தொடருமுன் விசாரணை அதிகாரி சார்பற்ற மருத்துவக் கருத்தைப் பெற வேண்டும் என்றும் கூறியது. இதைத் தமிழில் ‘பெருங்கவனக்குறைவு’ எனலாம். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு ஐந்தாண்டு வரை சிறை என்று வைத்து, சிகிச்சை செய்கையில் நேர்ந்ததாயின் பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டாண்டு வரை என்று குறைத்துள்ளது.

மருத்துவரின் தொழில்முறைத் தவறைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் ‘மால்பிராக்டீஸ்’ என்ற சொல்லை நம் ஊரில் தேர்வு அறையில்தான் அதிகம் கேட்கிறோம். ‘மருத்துவ முறைகேடு’ என்று மொழிபெயர்த்தால் மருந்துக் கொள்முதல் ஊழல் போலத் தோன்றுகிறது. தமிழுக்கு அச்சொல் தேவையில்லை என்பது என் கருத்து.

பழந்தமிழில் இதற்குரிய சொல் உண்டா? உண்டு. திருக்குறளின் 54ஆம் அதிகாரம் ‘பொச்சாவாமை’. மகிழ்ச்சியிலும் தன்னம்பிக்கையிலும் மயங்கி, செய்ய வேண்டியதை மறந்து சோர்தலே பொச்சாப்பு. வரப்போவதை முன்கூட்டிக் காத்துக்கொள்ளாமல் தவறியவன் பின்னர் வருந்துவான் என்று அவ்வதிகாரம் கூறுவது, முன்னெச்சரிக்கைக் கடமை பற்றி நீதிமன்றம் பேசுவதற்கு வியக்கத்தக்க அளவு நெருக்கமானது. ஆயினும் அச்சொல் வழக்கொழிந்துவிட்டது. மனுவில் எழுதினால் படிப்பவர் அகராதியைத் தேட வேண்டியிருக்கும்.

எனவே ‘மருத்துவக் கவனக்குறைவு’ என்பதையே நான் தேர்ந்தெடுக்கிறேன். ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ ஒருவர் ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் பக்கத்து வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, “நல்லா கவனிச்சாங்களா?” என்பதே. கண்ணால் கவனிப்பதும் கையால் பராமரிப்பதும் அந்த ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன. சட்டம் எதிர்பார்க்கும் கடமையும் அவ்விரண்டும் சேர்ந்ததுதான். அதைக் ‘கவனிப்புக் கடமை’ என்று சொன்னால், வார்டு வாசலில் காத்திருப்பவருக்கும் விளங்கும்.

சொல்லைச் சரியாகப் பிடித்தால் எங்கே போவது என்பதும் தெளிவாகும். 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டணம் பெற்றுத் தரும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதென்று தீர்ப்பளித்தது. கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் கட்டியிருந்தாலும் அப்படியே. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்களை அத்தீர்ப்பு விலக்கிவிட்டதால், அரசு மருத்துவமனைகளையே பெரிதும் நம்பியிருக்கும் வடசென்னை மக்கள் பலருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. அதற்காக அவர்களுக்கு வழியே இல்லை என்பதன்று. மகாராஷ்டிரத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் பெண் ஒருவரின் வயிற்றுக்குள் துணி விடப்பட்ட வழக்கில், இழப்பீட்டுக்கு அரசே பொறுப்பு என்று 1996இல் உச்ச நீதிமன்றம் கூறியது. உரிமையியல் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அவர்களுக்குத் திறந்தே இருக்கின்றன.

கட்டணம் கட்டியவர்கள், செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை. இரண்டாண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன் கேஸ் ஷீட்டின் நகலை எழுத்து மூலம் கேட்டு வாங்கிவிட வேண்டும்; கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதி.

அந்த அக்காவின் மனு இப்போது ஒரே பக்கம். “பென்சிலின் ஒவ்வாது என்பது கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தும், மறுநாள் காலை 6 மணிக்கு என் தாயாருக்கு அதே வகை ஊசி போடப்பட்டது” என்று அது தொடங்குகிறது. ‘அலட்சியம்’ ஓரிடத்தில் மட்டும் இருக்கிறது: உடம்பெல்லாம் தடித்துவிட்டது என்று இருமுறை ஓடிப்போய்ச் சொல்லியும் ஒருவரும் வந்து பார்க்காத அரைமணி நேரத்தைச் சொல்லும் வரியில்.